மூடிய பள்ளி விலைக்கு வருகிறது: பட்டாவைக் கண்டு பின்வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் கடலூர் மாவட்டம், குறிஞ்சிப்பாடி பக்கம். ஊருக்கு நடுவில் இருந்த நிதியுதவி தொடக்கப் பள்ளியைப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று மூன்று வருடம் முன் மூடிவிட்டார்கள். 38 சென்ட் இடம், ஓட்டுக் கட்டடம். சுதந்திரத்துக்கு முன் இரண்டு குடும்பத்தார் பள்ளிக்கூடத்துக்கென்றே எழுதிக் கொடுத்த இடம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு, பிளாட் போடுபவரிடம் அட்வான்ஸும் வாங்கிவிட்டதாகக் கேள்வி. கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். ‘தனியார் நிர்வாகம், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்றார்கள். செயலாளரோ, ‘பட்டா என் பெயரில் இருக்கிறது, எவரும் கேட்க முடியாது’ என்கிறார். விற்பனையைத் தடுக்க வழி உண்டா?
– முன்னாள் மாணவர்கள், குறிஞ்சிப்பாடி வட்டம்

பதில்: வழி உண்டு. கிரயம் பதிவாவதற்கு முன் நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பலன் அதிகம். பதிவான பிறகு செலவும் காலமும் பல மடங்கு ஆகிவிடும்.

முதலில் அந்தப் பட்டா. அது வருவாய்த் துறையின் கணக்கு, அவ்வளவுதான். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 1980-களில் யு.டி.ஆர். என்ற பெயரில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பெயர்கள் தவறாக ஏறியது தமிழ்நாடு முழுக்க உள்ள பிரச்சினை. ‘இன்ன பள்ளிக்காகச் செயலாளர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆள் பெயர் ஏறி, பிறகு வாரிசு என்று மகன் பெயருக்கு மாறியிருக்கலாம். ஆகவே இப்போதைய பட்டா, ‘அ’ பதிவேடு (ஊர் நிலங்களின் விவரம் உள்ள கிராமக் கணக்கு) ஆகியவற்றின் நகலோடு நிற்காமல், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பழைய புல எண்ணும் (சர்வே நம்பர்) புதிய புல எண்ணும் வேறாக இருக்கலாம். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் ஒப்பீட்டு விவரத்தையும் சேர்த்தே கேளுங்கள். இது இல்லாமல் வழக்குப் போட்டால், ‘அந்தப் பத்திரம் வேறு இடத்துக்கு’ என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும்.

உங்கள் வழக்கின் உயிர் மூலப் பத்திரத்தில் இருக்கிறது. அதைச் செயலாளரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-வது புத்தகத்தைக் கட்டணம் கட்டிப் பார்க்கவும், சான்றிட்ட நகல் வாங்கவும் யாருக்கும் உரிமை உண்டு; பதிவுச் சட்டம் 57-வது பிரிவு. ஆன்லைனில் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதுதான் வரும். அதற்கு முந்தையதை நேரில் மனுப் போட்டுத் தேட வேண்டும். அட்டவணை இரண்டு வகை: ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, மற்றொன்று சொத்தின்படி. புல எண்ணில் சிக்காவிட்டால் தானம் கொடுத்தவர் பெயரிலும், அவர் தகப்பனார் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். அந்தக் காலப் பத்திரத்தில் ‘தென்னாற்காடு ஜில்லா, கடலூர் தாலுகா’ என்றுதான் இருக்கும். மாவட்டம் பிரிந்தது 1993-ல்தானே. இன்றைய சார்பதிவகத்தில் பழைய புத்தகம் இல்லை என்றால், உங்கள் கிராமம் முன்பு எந்தப் பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்று கேட்டு அங்கே போங்கள். ‘ரெக்கார்டு இல்லை’ என்று வாயால் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

நகல் கைக்கு வந்ததும் மூன்று வாசகங்களைத் தேடுங்கள். எழுதிக் கொடுத்தது யாருக்கு: ஆளுக்கா, பள்ளிக்கா, ஊருக்கா? எதற்காக: ‘இவ்வூர்ப் பிள்ளைகள் வித்தியாப்பியாசத்துக்காக’ என்பது போல நோக்கம் எழுதப்பட்டிருக்கிறதா? ‘பள்ளி நடவாத பட்சத்தில் எங்கள் வாரிசுகளைச் சேரும்’ என்று திரும்பும் நிபந்தனை இருக்கிறதா? நோக்கம் எழுதியிருந்தால் அது பொது அறக்கொடை. செயலாளர் அதன் பாதுகாவலரே தவிர சொந்தக்காரர் அல்ல. பள்ளி மூடப்பட்டதால் மட்டும் அறக்கொடை மறைந்துவிடாது. திரும்பும் நிபந்தனை இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது தானம் கொடுத்தவரின் வாரிசுகள் தனியாக உரிமை கோரலாம். அதை ஊர்க்கூட்டத்துக்கு முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பாதி வழியில் தெரியவந்தால் ஊர் இரண்டுபட்டுப் போகும்.

பலரும் தேடாத ஓர் இடம் கல்வி அலுவலகம். அங்கீகாரத்துக்கும் கட்டட உரிமத்துக்கும் விண்ணப்பிக்கும்போது நில ஆவணங்களின் நகலை நிர்வாகம் இணைத்துத்தான் கொடுத்திருக்கும். அந்தக் கோப்பில், இடம் பள்ளிக்குச் சொந்தமானது என்று செயலாளர்களே கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம் கிடைத்தால், ‘என் சொந்த சொத்து’ என்று இன்று சொல்வதற்கு அவர்கள் கையெழுத்தே மறுப்பாகிவிடும். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் (தொடக்கக் கல்வி) தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு அனுப்புங்கள். பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை, ஒப்புகையுடன் தபால். ‘ஏன் விற்கிறார்கள்’ என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் அல்ல, விளக்கம். அங்கீகாரக் கோப்பின் நகல், பள்ளியை மூட அனுமதித்த ஆணை, கட்டடத்துக்கு அரசு மானியம் கொடுத்த விவரம், சொத்தை விற்க நிர்வாகம் அனுமதி கேட்டதா, கேட்டிருந்தால் எந்தத் தேதியில், என்ன பதில் என்று ஆவணம் ஆவணமாகக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். நிர்வாகம் சங்கமாகப் பதிவானது என்றால், மாவட்டப் பதிவாளரிடம் துணைவிதியின் நகலும் கடைசியாகத் தாக்கலான 7-ம் படிவமும் (நிர்வாகக் குழு உறுப்பினர் மாற்றத்தைத் தெரிவிப்பது) வாங்குங்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்றைக்கு உறுப்பினர்கள்தானா என்பது அதில் தெரியும்.

இந்தக் காகிதங்கள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. வாங்கப் போகிறவருக்கு இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். ‘இது கல்விக்கென விட்ட அறக்கொடைச் சொத்து, விற்க எவருக்கும் அதிகாரமில்லை’ என்று இரண்டு பக்கம் போதும். பின்னாளில் வாங்கியவரின் பெரிய கேடயம், ‘விவரம் தெரியாமல், முழு விலை கொடுத்து, நல்லெண்ணத்தில் வாங்கினேன்’ என்பதுதான். நோட்டீஸ் போன நாளோடு அந்தக் கேடயம் உடைகிறது. கடலூரில் விற்கும் நாளிதழ் ஒன்றில் பொது அறிவிப்பும் கொடுத்தால், வங்கிக் கடனுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதும் வக்கீல்கள் தயங்குவார்கள். சார்பதிவாளருக்கும் ஆட்சேப மனு கொடுங்கள். ஆனால் அதையே நம்பி இருந்துவிடாதீர்கள். உரிமை யாருக்கு என்று விசாரிப்பது அவர் வேலை அல்ல. அவரைக் கட்டுப்படுத்துவது கோர்ட்டின் தடை ஆணைதான். இடம் அரசுப் புறம்போக்கு என்று பதிவேட்டில் வந்தால் நிலைமை வேறு: பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டி, பதிவை மறுக்கும்படி அவரிடம் நேரடியாகக் கேட்கலாம்.

இனி வழக்கு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அவசரத்தில் முன்சீப் கோர்ட்டில் சாதாரணத் தடை வழக்குப் போட்டுவிடுவார்கள். பொது அறக்கொடையின் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் வழக்கு சி.பி.சி. என்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில், அதன் முன் அனுமதி பெற்று, குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து போட வேண்டியது. அனுமதி இல்லாத வழக்கு ஓராண்டு, ஈராண்டு நடந்தபிறகு தள்ளுபடி ஆகும். அதற்குள் அங்கே பிளாட் கல் நட்டுவிடுவார்கள். உங்களுக்கு கடலூர் மாவட்ட நீதிமன்றம். அனுமதி தருமுன் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவது நல்லது, ஆனால் கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், கிரயம் நெருங்கிவிட்டது என்ற ஆதாரத்தைக் காட்டி அவசரமாகக் கேட்கலாம்.

மனுதாரர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முன்னாள் மாணவர்கள், அங்கே பிள்ளைகள் படித்த பெற்றோர் என்று நான்கைந்து பேர் இருக்கட்டும். நிலத்தைத் தனக்குத் திருப்பிக் கேட்கும் வாரிசு எவரும் இதில் வேண்டாம். பொது நன்மைக்கான வழக்கில் சொந்த உரிமை கலந்தால் 92-வது பிரிவே பொருந்தாது என்று வாதம் வரும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். கல்வி அதிகாரிகளையும் எதிர்த்தரப்பில் சேர்ப்பதானால், அதே சட்டத்தின் 80-வது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் தேவை, அல்லது அவசரம் என்று சொல்லி அதற்கு விலக்குக் கேட்க வேண்டும். இதை மறந்தால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

வழக்கோடு இரண்டு இடைக்கால மனுக்கள் போகட்டும். ஒன்று, விற்கவோ இடிக்கவோ கூடாது என்ற தடை. மற்றது, சர்வேயரோடு போய்க் கட்டடத்தின் நிலையைப் பதிவு செய்ய, கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர். இரண்டாவதைச் சிறியதாக நினைக்காதீர்கள். 2011 தானே புயலில் ஓடு பறந்த கட்டடங்கள் இந்தப் பக்கம் ஏராளம். ‘ஆபத்தான கட்டடம்’ என்று ஒரே இரவில் இடித்துவிட்டால், பிறகு வெறும் மனைக்குத்தான் வழக்கு நடத்த வேண்டியிருக்கும். கமிஷனர் வரும்வரை தேதி தெரியும்படி தெருவில் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். பூட்டை உடைத்து உள்ளே போகாதீர்கள். நிர்வாகமே முந்திக்கொண்டு விற்க அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடவும் கூடும். இ-கோர்ட்ஸ் தளத்தில் பள்ளியின் பெயரையும் செயலாளர் பெயரையும் வாராவாரம் தேடிப் பாருங்கள். மனு இருந்தால் உங்களையும் தரப்பாகச் சேர்க்கச் சொல்லி உடனே மனுப் போடுங்கள்.

‘பிள்ளைகளே இல்லாத பள்ளியை வைத்து என்ன செய்வீர்கள்?’ என்று நீதிபதி கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு இப்போதே எழுத்தில் பதில் வேண்டும். பழைய நோக்கம் நிறைவேற முடியாதபோது, அதற்கு நெருக்கமான வேறு பொது நோக்கத்துக்குச் சொத்தைத் திருப்பிவிட 92-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. நூலகம், மாலை நேரப் படிப்பகம், அங்கன்வாடி என எது உங்கள் ஊருக்குத் தேவையோ அதைச் சொல்லி, ஓடு மாற்ற ஆகும் செலவுக்கு ஓர் எஞ்சினியரின் மதிப்பீடு, யார் பராமரிப்பார்கள் என்ற விவரம், கிராம சபைத் தீர்மானம் ஆகியவற்றை வழக்கோடு இணையுங்கள்.

விற்பனை ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா என்பதுதான் இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்று. அதற்கு நாளைக் காலையே பதிவுத் துறைத் தளத்தில் அந்தப் புல எண்ணுக்கு இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் அதில் இருந்தால், அதிலுள்ள வாங்குபவர் பெயரும் கெடுத் தேதியும்தான் உங்கள் வக்கீலுக்கு முதலில் வேண்டியவை.