சம்பளம் யார் கைக்குப் போகிறது?

கேள்வி: எங்கள் பகுதி மக்கள் சேர்ந்து நடத்தும் ஜிம்முக்கு நான் பொறுப்பாளர். 15 முதல் 17 வயதுவரை உள்ள எட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஆறு மணி நேரச் சம்பள வேலையும் ஆளுக்கொரு வழிகாட்டியும் கொடுத்திருக்கிறோம். நாளைக்கு இவர்களே பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்பதுதான் நோக்கம். 16 வயதுப் பையன் ஒருவன் முதல் இரண்டு மாதம் சொல்லாமலே எல்லாம் செய்தான். அதைப் பார்த்துத்தான் அவனை ஷிஃப்டுக்குத் தலைவனாக்கினேன். மூன்றாம் மாதத்திலிருந்து தாமதமாக வருகிறான். டம்பெல் தரையில் கிடந்தால் தாண்டிக்கொண்டு போகிறான். கேட்டால் "சரி சார்" என்பதோடு சரி. பணத்தில் நாங்கள் குறை வைக்கவில்லை. அவன் அப்பா வந்து கேட்டுக்கொண்டதால் இரண்டாம் மாதச் சம்பளத்திலிருந்து அவரிடமே ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறோம். தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் முகாம் நடத்தலாமா? இல்லை, இவனை நீக்கிவிட்டு வேறொருவரைப் போடலாமா?

பதில்: முகாமும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். இரண்டாம் மாதச் சம்பளம் அப்பாவிடம் போயிருக்கிறது. மூன்றாம் மாதம் பையன் தாமதமாக வர ஆரம்பித்திருக்கிறான். இரண்டையும் எழுதியது நீங்கள்தான். பணத்தில் குறை வைக்கவில்லை என்று பெருமையாகச் சொன்ன கையோடு காரணத்தையும் வைத்துவிட்டு, முகாம் நடத்தலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

அப்பா வந்து கேட்டபோது பையன் பக்கத்தில் இருந்தானா? அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். வியர்வை அவனுடையது, கையெழுத்துப் போட்டு வாங்கியது இன்னொருவர். அந்த மாதம் எத்தனை மணி நேரம் அவன் கணக்கில் ஏறியது, எவ்வளவு வந்தது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. பத்து நிமிடம் முன்னால் வந்தாலும் அதே தொகை அப்பாவிடம் போகும், பத்து நிமிடம் பிந்தி வந்தாலும் அதே தொகை போகும். தரையில் கிடக்கிற டம்பெல்லை அவன் எதற்குக் குனிந்து எடுக்க வேண்டும்?

சம்பளத்தை வேலை செய்தவர் கையிலேயே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949 ஆம் ஆண்டுக் கூலிப் பாதுகாப்பு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. நாட்டுச் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ வேறு வழி சொல்லலாம். அல்லது தொழிலாளியே வேறு விதமாக ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள வேண்டியவன் அந்தப் பையன். அவன் அப்பா அல்ல.

பிள்ளையைப் பெற்றவருக்கு எதிராகத் தூண்டிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சம்பாதிக்கிற பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்சிதான் நானும். பதினாறு வயதில் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய் அம்மா கையில் வைக்கிறவன், வீட்டில் தனக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொள்கிறான். ஆனால் கொடுக்கிற கை அவனுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் நேராக அப்பாவிடம் நீட்டியதில் பணம் வீடு போய்ச் சேர்ந்தது. அவன் கொடுத்ததாக ஆகவில்லை. குடும்பத்துக்குச் செய்தோம் என்ற திருப்தியையும் சேர்த்து அவனிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். இதைச் செய்துவிட்டு அவனுக்குத் தலைவன் என்று பட்டம் வேறு.

முதலில் அப்பாவைப் பாருங்கள். ஜிம் வாசலில் நின்றபடி வேண்டாம். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். "அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தை உங்கள் பையனிடமே கொடுக்கிறோம். வீட்டுக்கு எவ்வளவு என்பதை நீங்களும் அவனும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். பையன் செலவழித்துவிடுவான் என்பார். முதல் மாதம் செலவழிக்கத்தான் செய்வான், அதற்குப் பயப்படாதீர்கள். வீட்டில் உண்மையாகவே நெருக்கடி இருந்து, பையனும் சம்மதித்தால், தொகையில் இன்ன பங்கு வீட்டுக்கு என்று அவனே எழுதிக் கொடுக்கட்டும். அப்போதும் முழுப் பணமும் முதலில் அவன் கைக்கு வர வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கப் பெற்றோர் கையெழுத்து தேவைப்பட்டால் அப்பாவே உடன் போய்ப் போடட்டும்; அந்த வேலையை அவருக்குக் கொடுங்கள், சந்தோஷப்படுவார்.

அடுத்தது சம்பளச் சீட்டு. எட்டுப் பேருக்கும் கொடுங்கள், இவனுக்கு மட்டும் கொடுத்தால் வேறு பேச்சாகிவிடும். தேதிவாரியாக வந்த நேரம், போன நேரம், மொத்த மணி, ஒரு மணிக்கு எவ்வளவு, பிடித்தம் இருந்தால் எதற்கு, கைக்கு எவ்வளவு. அவர்களே கூட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கையெழுத்து. தாமதத்துக்கு அபராதம் பிடிக்காதீர்கள். வேலை பார்த்த நேரத்துக்குக் கூலி, பார்க்காத நேரத்துக்கு இல்லை, அவ்வளவுதான். சம்பளத் தேதி ஒரு நாள் தள்ளினாலும் நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள். நேரம் தவறாமை பற்றி அவனிடம் பேசுகிறவர் நீங்கள் அல்லவா?

இன்னொன்று. ஷிஃப்டுக்குத் தலைவனாக்கினேன் என்கிறீர்கள், அதனால் என்ன மாறியது என்று ஒரு வரி இல்லை. மணிக்கூலி ஏறவில்லை போலிருக்கிறது. கூடப் படிக்கிற பையன்களைக் கண்டிக்கிற வேலை மட்டும் கூடியிருக்கும். பதினாறு வயதுக்காரன் தன் வயதுக்காரனைக் கண்டித்தால் ஒன்று நட்பு போகும், இல்லை பொறுப்பு போகும். பெரும்பாலும் பொறுப்புதான் போகும். கண்டிப்பது பெரியவர்கள் வேலை. அவனுக்கு ஓர் இடத்தைக் கொடுங்கள், அங்கே அவன் வைத்ததுதான் சட்டம் என்று இருக்கட்டும். உதாரணமாக, எடை தூக்கும் பகுதி. திறப்பதற்கு முன் 20 நிமிடம், சம்பளத்தோடு. ஒவ்வொரு பெஞ்சின் போல்ட்டையும் ஆட்டிப் பார்ப்பது, கேபிள் நார் பிய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, பிளேட் எனும் எடைத் தட்டுகளை மாட்டும் ராடுக்கு, அவை நழுவாமல் பிடிக்கும் லாக் இரண்டு இருக்கிறதா என்று எண்ணுவது, ஸ்குவாட் ரேக்கின் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதற்கான சட்டம்) பாதுகாப்புக் கம்பிகள் இரு பக்கமும் ஒரே உயரத்துத் துளையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. கோளாறு கண்டால் அந்த மெஷினில் "பயன்படுத்தாதீர்" என்று அட்டை மாட்டும் அதிகாரமும் அவனுக்கே. அவன் மாட்டிய அட்டையை நீங்கள்கூட அவனைக் கேட்காமல் கழற்றக் கூடாது. இதை ஒரே ஒரு தடவை மீறினாலும் ஆறு மாத உழைப்பு வீண்.

பிறகு புதிதாகச் சேருகிற பிள்ளைக்கு அவன் கற்றுக்கொடுக்கட்டும். ரேக்கில் இருக்கிற ராடிலிருந்து பிளேட் கழற்றுவதில் ஆரம்பிக்கலாம். தெரியாதவர்கள் ஒரு பக்கம் முழுவதையும் உருவிவிட்டு மறுபக்கம் போவார்கள். ராடு மறுபக்கமாகச் சாய்ந்து, காலியான முனை தூக்கியடிக்கும், பிளேட்டுகள் கால்மேல் விழும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கழற்ற வேண்டும். அவன் முதலில் செய்து காட்டட்டும், பிறகு காரணம் சொல்லட்டும், பிறகு புதியவனைச் செய்யவிட்டுக் கை கட்டி நிற்கட்டும். நீங்கள் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அடிபடும் என்றால் மட்டும் குறுக்கிடலாம். வார்த்தை தடுமாறினால், மெதுவாகச் செய்தால், பேசாமல் இருங்கள். பொறுப்பாளர்கள் எல்லோரும் தோற்கிற இடம் இதுதான். அவன் வாயைத் திறப்பதற்குள் இவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. தனியாகக் கதவு பூட்டிச் சாவி எடுத்துப் போவது, கல்லாப் பணம், பெரியவர்கள் உச்ச எடை தூக்கும்போது தனியாக ஸ்பாட்டிங் (எடை நழுவினால் பிடிக்கத் துணை) நிற்பது, கிருமிநாசினி கலப்பது. பிளீச்சோடு அமிலமோ அம்மோனியாவோ உள்ள கிளீனர் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கிருமிநாசினியைப் பெரியவர்களே முறைப்படி கலந்து, லேபிள் ஒட்டிய புட்டியாகவே கொடுங்கள். இந்த வயதுக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், ஆகவே மறுநாள் பள்ளி இருந்தால் கடைசி ஷிஃப்ட் வேண்டாம். பரீட்சை வாரத்தில் மணி நேரத்தைக் குறையுங்கள், இடத்தைப் பறிக்காதீர்கள்.

வழிகாட்டியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைக்கு மேல் இல்லை. அவரும் நீங்களும் ஒருவரே என்றால் மாற்றுங்கள். சம்பளமும் ஷிஃப்டும் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது, "சரி சார்" தான் வரும். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், 20 நிமிடம், நாலு பேர் கண்ணில் படுகிற மேஜையில் வழிகாட்டி அவனோடு உட்கார்ந்து பேசட்டும். இந்த வாரம் நீயாக எதை முடிவு செய்தாய், எது சொதப்பியது, அடுத்த வாரம் எதை மாற்றப் போகிறாய் என்று கேட்டால் போதும். அறிவுரை பாதி நேரத்துக்கு மேல் போனால் அது உரையாடலே இல்லை.

கடைசியாக, அப்பாவிடம் போன மாதங்களின் கணக்கு. அந்தப் பணத்தை மறுபடி தர வேண்டியதில்லை. ஆனால் அந்த மாதங்களுக்கும் சீட்டு எழுதி அவனிடம் கொடுங்கள். "உன்னைக் கேட்காமல் கொடுத்தது என் தப்பு" என்று அவனிடம் சொல்லுங்கள், வழிகாட்டியையோ அப்பாவையோ இழுக்காமல். சீட்டில் எங்காவது மணிக்கணக்கு தவறியிருந்தால் அவன் கண்டுபிடிப்பான். சொன்னால் அங்கேயே, அவன் கண்முன்னால் திருத்தி, குறைந்த தொகையை அவன் கையில் கொடுங்கள்.