மார்ட்டினிக்கு மலிவு வோட்கா

அண்ணே, மார்ட்டினி காக்டெயிலுக்கு அப்சலூட் வோட்காதான் வேண்டுமா, மதுரை டாஸ்மாக்கில் கிடைக்கும் மலிவான வோட்கா ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஆகும். ஸ்மர்னாஃப் போதும், ஆரஞ்சு, ஆப்பிள் என்று வாசனை சேர்த்த பாட்டில் மட்டும் வேண்டாம். முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறையாது, லேசாக எண்ணெய்ப் பதத்துக்கு வரும், நெடியும் அடங்கும். மிச்சப்படும் காசு, மார்ட்டினியில் வோட்காவோடு சேரும் டிரை வெர்மூத்துக்கு. அது ஒயின் வகை, திறந்தபின் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். 60 மில்லி வோட்காவுக்கு 10 மில்லி போதும். ஐஸோடு அரை நிமிடம் கலக்கி வடிகட்டுங்கள்.

அப்புறம் அந்த ஐஸ். அயிரை மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த தட்டிலிருந்து ஒருமுறை எடுத்துப் போட்டேன், கிளாஸ் முழுக்கக் குழம்பு வாசம்! கேன் தண்ணீர் ஊற்றி, மூடி போட்ட டப்பாவில் உறைய வையுங்கள்.