பெற்றோர் வளர்த்த விதம், பெரியவரான பின் நம் சிந்தனை, உணர்ச்சி, நியாய உணர்வை எவ்வளவு தீர்மானிக்கிறது?

நிறையவே தீர்மானிக்கிறது. ஆனால் அது கண்டிப்பான வீடா, செல்லம் கொடுத்த வீடா என்பதைவிட, பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட வீடா என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. எனக்கும் தம்பிக்கும் சண்டை வந்தால் அம்மா இருவரையும் நிற்க வைத்து, "மொதல்ல அவன் சொல்லட்டும், முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்பார். பிறகு என் முறை. அடியும் விழும்தான். ஆனால் எதற்கு விழுந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

பெரியப்பா மில் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து வந்து அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுகிற சத்தத்தை வைத்தே அண்ணன்மார் அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடுவார்கள். மில்லில் தகராறு என்றால் வீட்டில் தம்ளர் உருண்டாலும் பெல்ட் அடி. மனசு நன்றாக இருந்தால் பரீட்சையில் தவறியிருந்தாலும் பரோட்டாப் பொட்டலம். செய்த காரியத்துக்கும் கிடைக்கிற தண்டனைக்கும் சம்பந்தமில்லை, பெரியவர் முகத்தைப் பார்த்து நடந்துகொள் என்பதைத்தான் அந்த வீடு கற்றுக்கொடுத்தது.

பெரிய அண்ணனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. மேலதிகாரி குரலை உயர்த்தினால், நியாயம் தன் பக்கம் இருந்தாலும் அவருக்கு வாய் எழாது. வீட்டிலோ அவர் குரல் உயர்ந்தால் வேறு யாரும் பேசக் கூடாது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வலுத்தவர் சொல்வதே நியாயம் என்று சின்ன வயதில் பதிந்துவிட்டது. அதே அண்ணன்தான் எங்கள் குடும்பத்தில் யார் முகம் வாடினாலும் முதலில் கவனிப்பவர். பயத்தில் பழகிய அந்தக் கூர்மை அன்பாகவும் வெளிப்படுகிறது. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1930களின் தொடக்கத்தில் குழந்தைகளிடம் இரண்டு கதைகள் சொன்னார். ஒரு பையன் கதவைத் திறக்கும்போது, பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகள் உடைந்துவிடுகின்றன. இன்னொருவன் ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் பெரிய தப்பு செய்தது? சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் 15 உடைத்தவனைக் காட்டினார்கள். வளர வளர, என்ன நினைத்துச் செய்தான் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களின் அதட்டல் இந்த வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது என்பது பியாஜேயின் கருத்து. பால் கொட்டியதற்கும் பொய் சொன்னதற்கும் ஒரே அறை விழுகிற வீட்டில், நோக்கத்தைப் பற்றிப் பிள்ளை எதற்காக யோசிக்கப் போகிறது?

நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நடக்கிற நீதிப் பாடமும் உண்டு. ஆச்சி வீட்டில் தம்பிக்கு முழு முட்டை, எனக்குப் பாதி. "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்பார் ஆச்சி, பாசத்தோடுதான். அப்படி வளர்ந்த பெண்கள் சிலர் பாதியே தன் பங்கு என்று ஆயுளுக்கும் நம்பிவிடுகிறார்கள். எனக்கு நேர்மாறாக ஆனது. வீட்டில் அம்மா என் பக்கத்தைக் கேட்டுப் பழக்கியிருந்ததால், ஆச்சியிடம் "ஏன்?" என்று கேட்க எனக்கு வாய் வந்தது. இன்றும் எந்தப் பந்தியிலும் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று என் கண் தேடும்.

என் நம்பிக்கையை உறுதிப்படுத்தியது சாமுவேல் ஒலினரின் ஆய்வு. போலந்தில் 1942இல் நாஜிகள் அவருடைய குடும்பத்தைக் கொன்றபோது அவருக்கு வயது 12. பால்வினா என்ற குடியானவப் பெண் அவரைக் காப்பாற்றினார். பின்னாளில் அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியரான ஒலினர், மனைவி பேர்லுடன் சேர்ந்து, உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காத்த 400க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். சும்மா இருந்துவிட்டவர்களிடமும் பேசினார். காப்பாற்றியவர்களின் பெற்றோர் அடித்தது குறைவு. நீ செய்தது அடுத்தவரை எப்படிப் பாதித்தது என்று விளக்கியது அதிகம். மற்றவர்களின் நினைவிலோ, காரணமே புரியாத தண்டனைகள் கூடுதலாக இருந்தன. படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் சைக்கிள் சத்தம் காதில் விழுந்தது.

"அடியாத மாடு படியாது", "நாங்க அடி வாங்கித்தான் உருப்பட்டோம்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உருப்பட வைத்தது அடிதானா? அண்ணனுக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்து ஊட்டிய பெரியம்மா இருந்தார். சாயங்காலமெல்லாம் கடையில் உட்காரவைத்துக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுத்த தையல்காரர் இருந்தார். பெல்ட்டுக்குப் போகிற பெயரில் பாதியாவது அவர்களுக்குப் போக வேண்டும்.

அதனால் இதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னரின் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வறுமை, குடும்பச் சச்சரவு என மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு பாட்டியோ, ஆசிரியரோ, அக்கம்பக்கத்தவரோ துணை நின்றிருந்தார். பதின்வயதில் தடம் மாறிய பலரும் 40 வயதுக்குள் திருந்தி நிமிர்ந்தார்கள். நல்ல மணவாழ்க்கை, மேற்படிப்பு, ராணுவப் பணி, சமய ஈடுபாடு போன்றவை அதற்கு உதவின.

அண்ணனிடமும் மாற்றம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. அவர் கத்தும்போது அண்ணி பதிலுக்குக் கத்துவதில்லை. "முடிச்சுட்டீங்களா? இப்ப நான் சொல்றேன், கேளுங்க" என்பார். இப்போதெல்லாம் அண்ணன் கேட்கிறார், எல்லா நாளும் இல்லாவிட்டாலும். பெரியப்பா செய்ய வேண்டியிருந்த வேலை முப்பது வருடம் கழித்து அண்ணி தலையில் விழுந்ததே என்ற கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.