பணியிடத்தில் எல்லோரையும் சமமாக நடத்தும் சூழலை உருவாக்குவது எப்படி? பயிற்சி வகுப்புகளால் பயன் உண்டா?

பயிற்சி வகுப்பால் கொஞ்சம் பயன் உண்டு. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையை மாற்றாமல் எத்தனை வகுப்பு நடத்தினாலும், உள்ளே உட்கார்ந்து கேட்பவர்கள் ஒரே மாதிரி ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது வட சென்னையில் வியாசர்பாடி. நான் வேலை தேடிய காலத்தில், இன்டர்வியூ நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே "வீடு எங்கம்மா?" என்று கேட்பார்கள். வியாசர்பாடி என்றதும் எதிரில் இருப்பவர் ஃபைலை மூடிவிடுவார். "சொல்லி அனுப்புறோம்." அப்புறம் போனே வராது. எங்கள் தெருப் பிள்ளைகளில் சிலர் அண்ணா நகரில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைப் போட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஏரியா பெயரை வைத்தே ஒருவரின் சாதியையும் குணத்தையும் முடிவு கட்டுவது அநியாயம். அதைச் செய்பவர்கள் பலருக்கு, தாங்கள் பாகுபாடு பார்க்கிறோம் என்றே தோன்றுவதில்லை.

அதனால் நாங்கள் முதலில் கை வைத்தது விண்ணப்பப் படிவத்தில்தான். முகவரி, சொந்த ஊர், அப்பாவின் தொழில் மூன்றையும் எடுத்துவிட்டோம். வேலைக்கான ஆர்டர் கொடுத்த பிறகு முகவரி வாங்கினால் போதும். முன்பெல்லாம் காலியிடம் வந்தால் "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்" என்று சூப்பர்வைசர்கள் கூட்டி வருவார்கள். அந்த 'நம்ம' என்ற வட்டத்துக்குள் யார் யார் இருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது கேட்டுக்கு வெளியே அறிவிப்பு ஒட்டுகிறோம். கிளார்க் வேலைக்கு வரும் எல்லோருக்கும் ஒரே சோதனை. கன்டெய்னர் கதவுகளின் போட்டோக்களைக் கொடுப்போம். ஒவ்வொரு பெட்டியின் எண்ணிலும் நாலு எழுத்து, ஏழு இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக. துரு ஏறி, பெயின்ட் உரிந்திருக்கும் எண்ணைப் பிழையில்லாமல் டைப் செய்ய வேண்டும். ஒரு இலக்கம் தப்பினால் பெட்டியை யார்டு முழுக்கத் தேட வேண்டிவரும் என்பதால், வேலைக்கு வேண்டிய திறமை இதுதான். மதிப்பெண் போட்ட பிறகுதான் நேரில் பேசுவோம், எல்லோரிடமும் அதே கேள்விகளோடு. காசிமேட்டிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் பெண்கள் கிளார்க்காக வந்தது இதற்குப் பிறகுதான்.

உள்ளே வந்துவிட்டால் மட்டும் போதாது. இந்தப் பக்கத்துச் சரித்திரமே அதற்குச் சாட்சி. பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் உருவானது சென்னைத் தொழிலாளர் சங்கம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் அதே தொழிலாளர்கள் ஆதி திராவிடர் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம் என்று பிரிந்தார்கள். புளியந்தோப்பு கலவரத்தில் எரிந்தது. அதனால் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று நான் நம்புவதில்லை.

எங்கள் கேன்டீனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாஃபுக்குப் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாடு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்றரை மணிக்கு. அவர்கள் வரும்போது கூட்டு தீர்ந்திருக்கும், சாம்பாரில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். மேசையில் உட்காரத் தயங்கி, பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் வெளியே மரப் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. நேரத்தை ஒன்றாக்கி, மேனேஜர் உட்பட எல்லோரும் ஒரே வரிசையில் தட்டு எடுக்க வேண்டும் என்று மாற்றினோம். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. "இன்னா மேடம், எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்ட?" என்று ஒரு சீனியர் அண்ணன் முகத்துக்கு நேராகவே கேட்டார். இப்போது அவர் அதே மேசையில் உட்கார்ந்து இந்தி கற்றுக்கொண்டிருக்கிறார்.

சம்பளத்தில் இன்னும் போராட்டம்தான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பேக்கிங்கில் பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு "ஆம்பளைங்க லோடு தூக்குறாங்களே" என்கிறார் கான்ட்ராக்டர். தூக்குவதற்குத் தனிப் படி கொடுங்கள், பேக்கிங் கூலியை ஒன்றாக்குங்கள் என்று எழுதியே கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை, விடப்போவதும் இல்லை.

உங்கள் நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், 2013 சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்க உள் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளி, தினக்கூலி, பயிற்சிக்கு வந்தவர் எல்லோருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். இது பலருக்குத் தெரியாது. அவர்கள் படிக்கும் மொழியில், அவர்கள் நடமாடும் இடத்தில் குழுவினரின் பெயரையும் போன் நம்பரையும் ஒட்டுங்கள்.

பயிற்சிக்குப் பட்ஜெட் கேட்கும்போது கூடவே பெண்கள் கழிவறையையும் கேளுங்கள். எங்கள் யார்டில் அது ஆபீஸ் கட்டடத்தில் மட்டும்தான் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்று மே மாத வெயிலிலும் பேக்கிங் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். ஷெட்டுக்குப் பக்கத்தில் கட்டிய பிறகுதான் அவர்கள் கையில் தண்ணீர் பாட்டிலையே பார்த்தேன்.