ஒரே கதைக்கு இரண்டு அனிமே ஏன்?

கேள்வி: ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) 2003-இல் ஒன்று, 2009-இல் ஒன்று என இரண்டு இருக்கின்றன. எதைப் பார்ப்பது? மூலக்கதையான மாங்காவையும் (ஜப்பானிய காமிக்ஸ்) வாங்கினேன்; வசனங்கள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றனவே?

பதில்: ஹிரோமு அராகாவாவின் மாங்கா 2001 முதல் 2010 வரை மாத இதழில் வந்தது, 108 அத்தியாயங்கள், 27 தொகுதிகள். முதல் அனிமே தொடங்கியபோது மூலக்கதை பாதிகூட வரவில்லை. அதனால் அதன் 51 பகுதிகளில் கதை நடுவழியில் பிரிந்து, வேறு முடிவுக்குப் போய்விட்டது. 2009-இல் தொடங்கிய ‘பிரதர்ஹுட்’ 64 பகுதிகள். மாங்காவை ஒட்டியே செல்லும்.

ஒன்றுதான் பார்ப்பீர்கள் என்றால் பிரதர்ஹுட். ஆனால் அதன் தொடக்கம் அவசர அவசரமாக ஓடும். ஒரு முக்கியப் பாத்திரத்தின் மரணம் (யாரென்று சொல்ல மாட்டோம்!) பழையதில் 25-ஆம் பகுதியில் வரும், புதியதில் 10-இலேயே. அழுகை வருவது பழையதில்தான். 2005-இல் வந்த ‘ஷம்பாலா’ திரைப்படம் பழைய தொடரின் தொடர்ச்சி. பிரதர்ஹுட் முடித்த கையோடு அதைப் பார்த்தால் குழம்புவீர்கள்.

மாங்காவை வலமிருந்து இடமாக வாசியுங்கள். மேல் வலது கட்டத்தில் தொடங்கி இடப்பக்கம் நகர்ந்து, பிறகு கீழே இறங்க வேண்டும். கட்டத்துக்குள் இருக்கும் வசனக் குமிழ்களுக்கும் இதே வரிசைதான்; பலரும் தவறுவது இங்கேதான்.