ஓவர்லாக் மிஷின்: கேட்டதும் சொன்னதும்

அக்கா, துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக்கில், வீட்டுத் தையலுக்கு மூன்று நூல் மிஷின் போதுமா, நான்கு நூல் வேண்டுமா?

பிளவுஸ், சுடிதார் ஓரத்தில் பிசிறு வராமல் அடக்க மூன்று நூல் போதும். அங்கே இழுவையைத் தாங்குவது சாதா மிஷின் தையல்தான். டி-ஷர்ட்டை ஓவர்லாக்கிலேயே இணைப்பதென்றால் நான்கு நூல் வேண்டும். அதில் ஒரு ஊசியைக் கழற்றினால் மூன்று நூலாகவும் ஓடும். கையில் காசு இருந்தால் அதையே வாங்குங்கள்.

நான்கு தையல் ஓடுவதற்குள் கீழ் லூப்பர் (ஊசி நூலோடு நூலை வளையமாகப் பின்னும் கொக்கி) நூல் அறுந்துவிடுகிறது. எத்தனை முறை கோத்தாலும் இதே கதை. மிஷின் கெட்டுவிட்டதா?

மிஷின் மேல் பழி போடாதீர்கள். கோக்கும் வரிசை மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியில் ஊசி. நீங்கள் அறுந்ததை மட்டும் கோத்துவிட்டு ஓட்டுகிறீர்கள். ஊசி நூல் ஏற்கனவே கீழ் லூப்பர் மேல் விழுந்து கிடக்கும். புது நூல் அதில் சிக்கி உடனே அறும். ஊசி நூலை உருவிவிட்டு, கீழ் லூப்பரைக் கோத்து, அப்புறம் ஊசியைக் கோத்துவிடுங்கள். திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காகவே அரை நாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து ஊசி நூலை உருவிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

நூல் கோன் மாற்றும்போது பழைய நூலோடு புதியதை முடிச்சுப் போட்டு இழுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஊசிக் காதில் மட்டும் முடிச்சு நுழையாது. அங்கே வெட்டிக் கோக்க வேண்டும்.

பனியன் துணி ஓரம் அலை அலையாக வருகிறதே?

துணி இழுபடுகிறது. டிஃபரன்ஷியல் ஃபீட் (துணியைத் தள்ளும் முன்பல், பின்பல் இரண்டின் விகிதம்) 1-இல் இருந்தால் 1.5-க்கு ஏற்றிப் பாருங்கள். முன்பல் கொஞ்சம் கூடுதலாகத் துணியைத் தள்ளும், அலை அடங்கும். மெல்லிய பட்டு சுருங்கினால் 1-க்குக் கீழே இறக்குங்கள். முதலில் துண்டுத் துணியில்!

நூல் நிறையச் செலவாகுமா?

ஆகும். ஒரு மீட்டர் தையலுக்கு சாதா மிஷினில் இரண்டரை, மூன்று மீட்டர் என்றால், மூன்று நூல் ஓவர்லாக்கில் 14 மீட்டர் அளவுக்குப் போகும். கோனாக வாங்குங்கள்.

பிளவுஸுக்கு ஓவர்லாக் அடித்தால் பிறகு பிரித்துப் பெரிதாக்க முடியாது என்கிறார்களே?

பெரிதாக்க உள்ளே விட்ட துணியையே மிஷின் கத்தி வெட்டிவிட்டால் முடியாதுதான். பக்கத் தையலுக்கு முன்பே முன்பாகம், பின்பாகம் இரண்டின் ஓரத்தையும் தனித்தனியாக அடித்துவிடுங்கள். கத்தி பிசிறை மட்டும் உரசிப் போகட்டும். அப்புறம் ஒன்றரை இஞ்ச் விட்டு இணைத்தால், அடுத்த தீபாவளிக்கும் பிரித்துப் பெரிதாக்கலாம்.