நிமோனியா வந்தவரைப் பராமரிக்கும்போது முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?

மூச்சை எண்ணுங்கள். காய்ச்சலை எல்லோரும் மணிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணத்தான் ஆள் இருக்காது.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் சீழும் நீரும் தேங்குவதுதான் நிமோனியா. அந்தப் பகுதியில் ரத்தம் ஓடும், ஆனால் அதில் ஆக்சிஜன் ஏறாது. அதை ஈடுகட்ட உடல் மூச்சை வேகப்படுத்தும். விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் எண் இறங்கும் முன்பே பல சமயம் இது தெரிந்துவிடும்.

மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சைத் தவறவிட்டாலே கணக்கில் 4 பிசகும். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார், அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30ஐத் தொட்டால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான். குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ண வேண்டும்: 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40, இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு.

முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். திடீர்க் குழப்பம், சாப்பாட்டில் வெறுப்பு, ஓயாத தூக்கம் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். இதை "வயசாகிவிட்டது" என்று தள்ளிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். தானாகப் புரள முடியாதவரை 2 மணிக்கொரு முறை திருப்ப வேண்டும். ஒரு பக்க நுரையீரலில் மட்டும் பாதிப்பு என்றால், நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் கூடும், ஏனென்றால் கீழ்ப்பக்கத்துக்குத்தான் ரத்தம் அதிகம் பாயும். இருமும்போது வலித்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கிவிடும். சளியை வெளியேற்றும் இருமலை நிறுத்த நீங்களாக மருந்து கொடுக்க வேண்டாம்.

ஆக்சிஜனும் ஒரு மருந்துதான். பொதுவாக ஆக்சிமீட்டரில் 94 முதல் 98 சதவீதம் காட்டுவதே இலக்கு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவருக்கு 88 முதல் 92 போதும், அதிகமாகக் கொடுத்தால் அந்த வாயு மேலும் கூடிவிடும். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் ஆக்சிமீட்டரை ஏமாற்றும்.

வாய்ச் சுத்தத்தைச் சில்லறை வேலையாக நினைக்க வேண்டாம். வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கும். பல் துலக்க முடியாதவருக்கு நீங்கள்தான் துலக்கிவிட வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டுங்கள், முடிந்தபின்னும் அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள். விழுங்கும்போது புரையேறினாலோ குரல் கரகரத்தாலோ ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.